ஆறு மணிக்குத் திரும்பிய கதவு

காலை ஒன்பதே கால் மணிக்கு, லாரிகள் வந்து நிற்கும் மேடையில், நாற்பது பேர் பார்க்க, மாமா என் அக்காவின் இடது மணிக்கட்டை முறுக்கி உடைத்தான். உறைந்த மீன் பெட்டியைத் தரையில் போட்டால் வருமே, அந்தச் சத்தம் கேட்டதாம். பெட்டி அடுக்குகிறவர்கள் சொன்னார்கள். அக்கா கத்தவில்லை. அவன் காதைக் கடித்துத் துப்பப் பார்த்தாள். காவலாளி வந்துதான் இருவரையும் பிரித்தார். ஆறரை அடி உயரம், இரண்டு ஆள் அகலம். அவரைத் தூண் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

மாமா என்றால் அக்காவின் புருஷன். நேரில் அவனை மரியாதையாக அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். எழுதும்போது அவனுக்கு 'அவர்' கிடையாது.

மூன்று பேருக்கும் ஒரே குளிர்பதனக் கிடங்கில் வேலை. அக்கா பொட்டலம் கட்டும் பிரிவில். அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். நான் கதவுகளைப் பார்த்துக்கொள்பவன். கிடங்கில் முப்பத்தொரு கதவுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அட்டையைக் காட்ட ஒரு சின்னப் பெட்டி. அட்டையைக் காட்டினால் அது தரவுத்தளத்தைக் கேட்கும், இந்த ஆளை விடலாமா என்று. விடலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. அறுநூற்று நாற்பது பேருடைய விவரம் அந்தத் தரவுத்தளத்தில் இருந்தது. அதுதான் என் பொறுப்பு. கல்லூரியை மூன்றாம் வருடப் பாதியில் விட்டவன் என்பதால் எனக்குப் பெயர் டிகிரி.

அக்கா அவனை விட்டு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கிடங்கின் பின்பக்கம் இருக்கும் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் வாங்கித் தங்கியிருந்தாள். விடுதிக் கதவும் அந்த முப்பத்தொன்றில் ஒன்று. சமையல் சாமான் இறக்குவதற்காக ஃபோர்க்லிஃப்ட்காரர்களின் அட்டைக்கும் பகலில் அது திறக்கும். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கதவு மட்டும்தான்.

அன்றைக்கு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் "நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா" என்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் நிறைகுறை.

"போலீஸெல்லாம் வேண்டாம். அவனை வேலைய விட்டுத் தூக்கியாச்சு. கார்டை முடக்கிடு, முடிஞ்சுது."

"கார்டை அவன்கிட்ட இருந்து வாங்கலையா சார்?"

"அவன் இருந்த கோவத்துல யாரு போய் கேக்கறது? முடக்கிட்டா அது வெறும் பிளாஸ்டிக். பல்லு குத்தக்கூட உதவாது."

பதினொன்று நாலுக்கு முடக்கினேன். நிலை: முடக்கம். காரணம்: மனைவியைத் தாக்கியதால் பணிநீக்கம். ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இனிமே உள்ள வர முடியாதுக்கா." "சரிடா" என்றாள். அந்தக் குரலில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் மேகச் சேவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன்பு எங்கள் தரவுத்தளம் மாடிப்படிக்கு அடியில் ஒரு இயந்திரத்தில் இருந்தது. மூன்று வருடம் இரவுப் பணியில் அதனோடு குடித்தனம் நடத்தினேன். சூடேறும், அலறும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். இரண்டு முறை எட்டி உதைத்திருக்கிறேன், ஒரு முறை அதனாலேயே எழுந்தது. தினமும் காலை ஆறு மணிக்குத் தன்னைத்தானே ஒரு பிரதி எடுத்து வைக்கும். பகலில் செத்தால் ஆறு மணிக்குத்தான் திரும்பிப் போக முடியும். அதனால் ஆறுக்குப் பிறகு செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுவோம். நோட்டு கயிற்றில் கட்டித் தொங்கும். செத்தால் ஆறுக்குப் போ, நோட்டைத் திற, ஒவ்வொன்றாக மறுபடி செய். அவ்வளவுதான் எங்கள் தொழில்நுட்பம்.

போன மாதம் மேலாளர் ஒரு மேகச் சேவைக்காரனைப் பிடித்தார். தரவுத்தளம் எங்கோ அவர்களுடைய இடத்தில் இருக்கும், நாங்கள் இணையம் வழியாகப் பயன்படுத்துவோம், பராமரிப்பும் அவர்களே. முப்பது நாள் சோதனை. நான் பகல் பணிக்கு மாறி, அதை மதிப்பிட்டு நிறைகுறை எழுத வேண்டும்.

பதினெட்டு நாளில் நிறைப் பக்கம் நிரம்பி வழிந்தது. பிரதியை அது தானே எடுக்கிறது. ஒரு இயந்திரம் விழுந்தால் ஒரு நிமிடத்தில் இன்னொன்று எழுந்து நிற்கிறது. ஓட்டைகளை அவர்களே அடைக்கிறார்கள். கடைசி ஏழு நாளில் எந்த நொடிக்கு வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். குறைப் பக்கத்தில் மூன்று வரிதான். இயந்திரத்துக்குள் நாம் நுழைய முடியாது. பராமரிப்பு நேரம் அவர்கள் சொல்வதுதான். முழு அதிகாரம் யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ அவருக்கு, அதாவது மேலாளருக்கு. அவர் வரிகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்துப் பூரித்தார்.

எந்த நொடிக்கும் போகலாம் என்றானபின் நோட்டு எதற்கு? முதல் நாளே கயிற்றோடு அவிழ்த்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

பத்தொன்பதாம் நாள்தான் அக்காவின் கை உடைந்தது. அதே நாள் மதியம் ஒன்று ஐம்பதுக்கு, மீன் பிரிவுக்கு நாற்பத்திரண்டு பேரை மாற்றச் சொன்னார்கள். ஒரே கட்டளை. யார் யாரை என்று சொல்லும் கடைசி வரியைச் சேர்க்காமல் ஓட்டிவிட்டேன். மனம் ஆஸ்பத்திரியில் இருந்தது. அது சாக்கு, காரணம் இல்லை. அறுநூற்று நாற்பது பேரும் மீன் பிரிவு ஆனார்கள். மீன் பிரிவுக் கதவு தவிர மற்றதெல்லாம் சிவப்பு.

இரண்டு மணி, பணி மாறும் நேரம். வாசலில் முந்நூறு பேர். முதலில் சிரித்தார்கள், பிறகு தள்ளினார்கள். ஒருவன் ஹெல்மெட்டால் அட்டையைக் காட்டும் பெட்டியை அடித்து உடைத்தான். தடுக்கப்போன தூணின் வாயில் ஒரு சுமைக்காரன் குத்த, பல் ஒன்று போய்விட்டது. அவர் திருப்பிக் கொடுத்த அடியில் அந்த ஆள் மூன்று பேர் மேல் விழுந்தான். அதற்குமேல் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

மேலாளர் என் நாற்காலியைப் பிடித்து உலுக்கினார். "எப்ப நல்லா இருந்துச்சோ அந்த நேரத்துக்குப் போடா!"

திரை கேட்டது. எந்தத் தேதி, எந்த மணி, எந்த நிமிடம், எந்த நொடி? ஒன்று நாற்பத்தொன்பது என்று தட்டியிருந்தால் போதும். மூன்று வருடப் பழக்கம், விரல் தானாக ஆறு என்று தட்டியது. ஆறு, பூஜ்யம், பூஜ்யம்.

இருபத்திரண்டு நிமிடம். ஆறு மணி எப்படி இருந்ததோ அப்படியே புதிதாக ஒரு தரவுத்தளம் பழையதன் பக்கத்தில் எழுந்து நின்றது. பழையது அழியாமல் அப்படியே இருந்தது. கதவுகளுக்குப் புது முகவரியைக் கொடுத்தேன். முப்பதும் பச்சை. உடைந்தது ஒன்றுதான் இருட்டு. வாசலில் விசில் பறந்தது. ரத்தம் வழிந்த வாயோடு தூண்கூடச் சிரித்தார்.

"இருபத்திரண்டே நிமிஷம்!" மேலாளர் என் முதுகில் தட்டினார். "எழுதுடா டிகிரி, நிறைப் பக்கம் எழுது."

எழுத உட்கார்ந்தேன். தேநீர் வந்தது, குடித்தேன். மூன்று ஐம்பத்தைந்து இருக்கும். 'திரும்பியதில் இழந்தவை' என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது. ஆறுக்கும் ஒன்று ஐம்பதுக்கும் நடுவில் என்னென்ன செய்தோம் என்று பழையதைத் திறந்து பார்த்தேன். விருந்தினர் மூன்று பேர். புது லாரி ஓட்டுநர் ஒருவர். விடுப்பு இரண்டு. பதினொன்று நாலு.

புதியதன் கதவுப் பதிவைத் திறந்தேன். மூன்று ஐம்பத்திரண்டு, பின்வாசல், மாமாவின் அட்டை, பச்சை. மூன்று ஐம்பத்துநாலு, பெண்கள் விடுதி, மாமாவின் அட்டை, பச்சை.

பின்வாசலில் முன்பு ஒரு காவலாளி இருந்தார். கதவுகளே பார்த்துக்கொள்கின்றன என்று போன மாதம்தான் அவரை எடுத்துவிட்டார்கள்.

ஓடினேன். விடுதி அறையில் எட்டு இரும்புக் கட்டில்கள். மற்றவர்கள் பணியில் இருந்தார்கள். அக்கா மூன்று மணிக்குத்தான் மாவுக்கட்டோடு வந்து படுத்திருந்தாள். நான் நுழைந்தபோது அவள் இரண்டு கட்டில்களுக்கு நடுவில் தரையில் கிடந்தாள். மூக்கு ஒரு பக்கமாகப் போயிருந்தது. அவன் கையில் பெட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி. அவள் தொடையிலிருந்து அதை உருவிக்கொண்டிருந்தான். உருவ வரவில்லை, ஆட்டி ஆட்டி எடுத்தான்.

என்னைப் பார்த்துச் சிரித்தான். "வா மச்சான். கதவு தானாத் தொறந்துச்சு பாரு. உங்க அக்காதான் சொல்லித் தொறக்க வெச்சிருக்கா, இல்ல?"

நான் பாய்ந்தேன். கொக்கி என் தோளில் இறங்கியது. வலி உடனே வரவில்லை, தோளுக்குள் ஏதோ குளிர்ச்சியாக நுழைந்தது போல இருந்தது. அவன் என்னை அந்தக் கொக்கியாலேயே இழுத்துக் கட்டில் காலில் மோதினான். என் முன்பற்கள் இரும்பில் பட்டு உடைந்தன. இரண்டாம் தடவை இழுத்தபோது அக்கா எழுந்துவிட்டாள். அந்தக் காலோடு எப்படி எழுந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உடைந்த கையை, மாவுக்கட்டோடு, தலைக்கு மேல் தூக்கி அவன் காதுப்பொறியில் இறக்கினாள். கட்டு சிதறி வெள்ளையாகப் பறந்தது. மறுபடி இறக்கினாள். இந்த முறை கட்டு இல்லை, உடைந்த எலும்பால்தான் அடித்தாள். இப்போது கத்தினாள்.

அவன் மண்டியிட்டான். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் தோள் எலும்பில் அடித்தேன். பிறகு வாயில், பிறகு விரல்களில். அவன் அசையாமல் கிடந்த பிறகும் அடித்தேன். தூண் வந்து என்னைக் குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் தூக்கித் தூரமாக வைத்தார்.

"போதும்டா. செத்துட்டா நீதான் உள்ள போகணும்."

பிறகு அக்காவைக் கைகளில் ஏந்திக்கொண்டு வாசல் வரை ஓடினார்.

மறுநாள் காலை அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்தாள். என் தோளில் பதினான்கு தையல். அவள் தொடையில் எத்தனை என்று கேட்கவில்லை.

"முடக்கிட்டேன்னு சொன்னியேடா."

"முடக்கினேன்க்கா."

"அப்புறம்?"

சொன்னேன். ஆறு மணிக்குத் திரும்பிப் போனதை, விரல் தட்டியதை, எல்லாவற்றையும். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ காலைல நடந்தத அது மறந்துடுச்சா?"

"ஆமாக்கா."

"என் கை மறக்கலையே." என் பக்கம் திரும்பி, "வெளிய வந்தான்னா இந்தத் தடவை முடிச்சுடுவான்டா. கண்ணைப் பாத்தேன்ல" என்றாள்.

பத்து மணிக்குப் பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் மேலாளர் கொடுத்த ஒரு தாள் இருந்தது, புதிய தரவுத்தளத்திலிருந்து அச்சடித்தது. மாமா: பணியில் உள்ளவர். அட்டை: செல்லும்.

"பூட்டு உடையல. பச்சை எரிஞ்சுச்சு, கூப்புட்டாங்கன்னு நெனச்சேன்னு சொல்றான். வேலையில இருக்கற ஆளு, வேலை நேரத்துல, பொண்டாட்டியோட சண்டை. அவனுக்குத் தாடை, தோள், மூணு விரல் போச்சு. ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டாங்கன்னு வக்கீல் பேசுவாரு. சாயங்காலமே ஜாமீன்ல வந்து நிப்பான்."

"மேடம், அவனை வேலைய விட்டு நீக்கியாச்சு. நான்தான் முடக்கினேன்."

"கடிதம் இருக்கா? உங்க மேலாளர் அப்படி எதுவும் நடக்கலைங்கறாரு."

"பழைய டேட்டாபேஸ்ல இருக்கு."

"அப்ப கொண்டா. ஒரு வரிய மட்டும் எடுத்துட்டு வராத, நீயே டைப் பண்ணினதும்பாங்க. முழுசா வேணும். பன்னெண்டு மணிக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறோம். உள்ள வரக் கூடாதுன்னு தெரிஞ்சே கொக்கியோட வந்தான்னு ஆச்சுன்னா கதை வேற. நான் கிடங்குக்குத்தான் வரேன், சாட்சிங்களைப் பாக்கணும். அங்கயே குடு."

பதினொன்றேகாலுக்கு என் அறையில் மேலாளர் எனக்காகக் காத்திருந்தார். அக்காவைப் பற்றிக் கேட்டார், உண்மையான கவலையோடுதான் கேட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"பழையதை அழிச்சிடு."

"சார்?"

"யோசிச்சுப் பாரு. முடக்கினதா இருந்தா, நீக்கின ஆளுக்கு நாமளே கதவைத் தொறந்து விட்டோம்னு ஆகும். உன்னையும் புடிப்பாங்க, என்னையும் புடிப்பாங்க. முடக்கவே இல்லன்னா இது குடும்பச் சண்டை. நேத்து ஒரு நாள் நடக்கவே இல்லன்னு வெச்சுக்கோ." திரையைப் பார்த்தார். "அழிச்சா அதோட பேக்கப்பும் சேர்ந்து போயிடும்ல?"

"போயிடும் சார். கடைசியா ஒரு பிரதி வேணுமான்னு கேக்கும். வேண்டாம்னா எல்லாம் போயிடும்."

"நல்ல வசதி. நிறைப் பக்கம் எழுது."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

மாடிப்படிக்கு அடியில் இருந்த காலமாக இருந்தால், இயந்திரத்தைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடியிருப்பேன். இதில் தூக்கிக்கொண்டு ஓட ஒன்றும் இல்லை. எங்கேயோ இருக்கிறது. நான் பூட்டினால் அவர் கணக்கிலிருந்து அவர் திறப்பார். என்னால் முடிந்தது ஒன்றுதான். முழுசையும் கம்பி வழியாக என் கணினிக்கு இறக்க வேண்டும். மூன்று வருடக் கதவுப் பதிவும் சேர்ந்தது. தொடங்கினேன். திரையில் வந்தது: மீதம் பதினொரு நிமிடம்.

"என்னடா அது ஓடுது?"

"பிரதி சார்."

அவர் தன் போனை எடுத்தார். அதிலிருந்தே அழிக்கலாம், கணக்கு அவருடையது. நான் எழுந்து போனைப் பிடுங்கித் தரையில் போட்டு நாற்காலிக் காலால் நசுக்கினேன். அவர் ஒரு நொடி நம்பாமல் பார்த்தார். அதன் பிறகு என் விசைப்பலகை மேல் விழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் தள்ளினேன். ஐம்பத்தைந்து வயது ஆள், ஆனால் பயத்தில் இருந்தார். பயந்தவனுக்குப் பலம் வரும். தாள் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து என் தோளில், தையல் மேலேயே அடித்தார். பதினான்கும் ஒன்றன்பின் ஒன்றாக விடுவது தெரிந்தது. கை முழுக்கச் சூடாக நனைந்தது. நான் தலையால் அவர் மூக்கை இடித்தேன்.

மீதம் ஏழு நிமிடம்.

"தூண்!" அவர் கத்தினார். "கதவைத் தொறடா! என்னைக் கொல்றான்!"

வெளியே தூணின் நிழல் கண்ணாடியில் தெரிந்தது. அவருடைய அட்டை எல்லாக் கதவையும் திறக்கும். பல் போன வாயிலிருந்து காற்றோடு வந்தது பதில். "சிவப்பு காட்டுது சார். சிஸ்டம் கோளாறு போல."

மேலாளர் என் கணினியின் கம்பியைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் தரையோடு ஊர்ந்து அதைப் பிடித்தபோது அவர் கை மேல் ஏறி நின்றேன். இரண்டு விரல் நொறுங்கின. அழுதார். "எனக்கும் குடும்பம் இருக்குடா" என்றார். இருந்தது, எனக்குத் தெரியும். கால் எடுக்கவில்லை. அவர் என் கெண்டைக்காலைக் கடித்தார். மீதம் நான்கு நிமிடம், அப்படியே நின்றேன். என் தோளிலிருந்து சொட்டியது அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்துகொண்டே இருந்தது.

முடிந்தது என்று திரை சொன்னதும் கதவு பச்சை காட்டித் திறந்தது. தூணுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் நின்றார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாருப்பா இதுல குற்றவாளி?"

"நான் மேடம்" என்றேன். "அதுக்கு முன்னாடி இதப் பாருங்க."

பழையதைத் திறந்து காட்டினேன். பதினொன்று நாலு, முடக்கம், மனைவியைத் தாக்கியதால் பணிநீக்கம், செய்தவர் டிகிரி. கீழே ஒன்று ஐம்பது, அறுநூற்று நாற்பது பேர் மீன் பிரிவு, செய்தவர் டிகிரி. இரண்டையும் படித்தார். பிரதியைப் பென் டிரைவில் வாங்கி, கூட வந்த கான்ஸ்டபிளிடம் கொடுத்து அப்போதே கோர்ட்டுக்கு அனுப்பினார்.

"அவனுக்கு ஜாமீன் இன்னிக்கு வராது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றார். பிறகு, மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேலாளரைக் காட்டினார். "இதுக்கு நீ வந்தாகணும்."

"ரெண்டு நிமிஷம் மேடம்."

புதியதில் மாமாவின் அட்டையை முடக்கினேன். அதன் கீழே என் அட்டையையும் முடக்கினேன். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தேன். கயிறு இன்னும் அதில் சுற்றியிருந்தது. இடது கையால்தான் எழுத முடிந்தது.

11.48. மாமா. முடக்கம். கொக்கி.

11.49. டிகிரி. முடக்கம். மேலாளரைத் தாக்கியது.

நோட்டைத் தூணிடம் கொடுத்தேன். "ஆறு மணிக்குப் போனாங்கன்னா இதப் பாத்து மறுபடி போடச் சொல்லுங்கண்ணே."

அவர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, எனக்காகத் தன் அட்டையைக் காட்டி வெளிக்கதவைத் திறந்துவிட்டார்.